பால்வாடி வாசலோடு திரும்பலாமா?

(மஹல்லா பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் பால்வாடிக்குப் போன இரண்டு வருடமும் நான் ஊர் ஊராகக் கல்வியின் சிறப்பைப் பேசிக்கொண்டிருந்தேன். 'இன்று என்ன விளையாடினாய்?' என்று அவளிடம் ஒருநாளாவது கேட்டேனா? இல்லை. ஒருநாள் அழைத்துவரப் போனபோது, 'நீங்கள் யார்?' என்றார் டீச்சர். மேடையில் மணிக்கணக்கில் பேசுகிறவனுக்கு வாய் எழவில்லை!

அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2-ல் தொடங்கியது. நாம் அதை முட்டைக்கும் சத்துமாவுக்கும் என்று சுருக்கிவிட்டோம். அதன் ஆறு பணிகளில் முன்பருவக் கல்வியும் ஒன்று. தாய்மார்களுக்குச் சத்துணவு, சுகாதாரம் பற்றிச் சொல்லிக்கொடுப்பதும் ஒன்று. ஆக, தாயும் உள்ளே வரவேண்டும் என்பது திட்டத்திலேயே இருக்கிறது.

அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்து இப்சிலாந்தி ஊரில், 1962-ல் ஏழைக் கறுப்பினக் குழந்தைகளுக்குப் பெர்ரி என்றொரு பாலர் பள்ளி தொடங்கினார்கள். 123 குழந்தைகளில் 58 பேரைச் சேர்த்தார்கள். மற்றவர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. தினமும் வகுப்பு. அத்தோடு வாரம் ஒருமுறை டீச்சர் வீட்டுக்கே போய் ஒன்றரை மணி நேரம் தாயோடும் பிள்ளையோடும் உட்கார்ந்தார். இரு சாராரையும் 40 வயது வரை கவனித்தார்கள். அங்கே படித்தவர்களுக்குச் சம்பாத்தியம் அதிகம், போலீஸில் பிடிபட்டது குறைவு. வீட்டுக்குப் போனதால் மட்டுமே இது என்று நான் சொல்லமாட்டேன். வகுப்பும் வீடும் சேர்ந்தே நடந்தன.

நம் டீச்சரால் வாரந்தோறும் வீடுவீடாக வரமுடியுமா? பதிவேடு, எடை, கணக்கு எல்லாம் அவர் தலையில். அப்படியானால் நாம்தான் போகவேண்டும்.

உருது பேசும் வீட்டுப் பிள்ளை தமிழ் வகுப்பில் வாய்மூடி உட்கார்ந்திருக்கும். 'மந்தம்' என்று எண்ணிவிடுவார்கள். வீட்டில் அது சரியான வாயாடி என்பதை டீச்சருக்கு யார் சொல்வது? அதன் நானி ஒருநாள் அங்கே போய் உருதுவில் ஒரு கதை சொல்லட்டும். பிள்ளை அதைத் தமிழில் மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்ல முயலும், பாருங்கள்!

'அத்தா துபாயில் இருக்கிறாரே' என்பீர்கள். 'பணம் வந்ததா?' என்று போனில் கேட்கிறவர், 'இன்று என்ன பாட்டு?' என்று பிள்ளையிடம் கேட்க எத்தனை நிமிடம் ஆகும்?

அடுத்த எடை போடும் நாளில் நான் அங்கே இருப்பேன். கூட வருகிற தகப்பன்மார்கள் இப்போதே ஜமாஅத் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். கதை சொல்லும் பாட்டிமார்கள் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள்.