பாதி பூட்டிய வண்டிக்குக் காப்பீடு

வெளிமாநிலத்தில் வாழும் தமிழர் இருவர் சந்தித்தால், ஊரில் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டைப் பற்றிய பேச்சு எப்படியும் வந்துவிடும். கடைக்கால் போட்டாயிற்றா, தளம் போட்டாயிற்றா என்று கேட்போம். கட்டும்போதே தீப்பிடித்தால், வெள்ளம் புகுந்தால் என்ன செய்வது என்று ஒருவரும் கேட்பதில்லை. முடிந்த பொருளுக்குத்தான் காப்பீடு, முடியாத பொருளுக்கு அது கிடையாது என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. டில்லியில் மொழிபெயர்ப்புப் பணியில் காலங்கழிக்கும் எங்களுக்கும் இருந்தது. அவ்வெண்ணத்தைப் போக்கியது, இங்கிலாந்தில் ஒரு கொட்டகையில் பாதி பூட்டப்பட்டு நின்ற மோட்டார் வண்டி.

அந்நாட்டில் ‘கிட் கார்’ என்று ஒரு வகை வண்டி உண்டு. அடிச்சட்டம், எஞ்சின், பல்சக்கரப் பெட்டி, பிரேக்குகள், மின்கம்பிகள், மேற்கூடு ஆகியவற்றைத் தனித்தனியே வாங்கி, வீட்டுக் கொட்டகையில் வைத்துத் தம் கையாலேயே பூட்டிக்கொள்வார்கள். 1957-இல் வெளிவந்த ‘லோட்டஸ் செவன்’ இவ்வகையில் பெரும்பெயர் பெற்றது. அக்காலத்தில் முழு வண்டியாக வாங்கினால் கொள்முதல் வரி செலுத்த வேண்டும். உறுப்புகளாக வாங்கினால் அவ்வரி இல்லை. 1973-இல் கொள்முதல் வரி நீங்கி மதிப்புக் கூட்டு வரி வந்தது. பழைய சலுகையும் அத்துடன் மறைந்தது. ஆனால் வண்டி மறையவில்லை. அதே ஆண்டில் அதைத் தயாரிக்கும் உரிமையைப் பெற்ற கேட்டரம் நிறுவனம் பின்னரும் அதனை உறுப்புகளாக விற்று வந்திருக்கிறது. வரிக்காகத் தொடங்கிய பழக்கம் ஆசைக்காக நிலைத்துவிட்டது.

அந்த ஆசை கோவென்ட்ரி நகரில் பொறியாளராக இருக்கும் எங்கள் மைத்துனரையும் பற்றிக்கொண்டது. பதினான்கு வயது மகனைத் துணைக்கு வைத்துக்கொண்டு, சனி ஞாயிறுதோறும் வேலை செய்தார். எட்டு மாதத்தில் அடிச்சட்டத்தின்மேல் எஞ்சின் அமர்ந்தது. பிரேக் குழாய்கள் ஓடின. நூற்றுக்கு மேற்பட்ட மின்கம்பிகளுக்குப் பையனே அடையாளச் சீட்டுக் கட்டி வரிசைப்படுத்தியிருந்தான். குளிர்காலத்தில் குடும்பத்தோடு ஊருக்கு வந்திருந்தார்கள். அப்போது கொட்டகையின் கூரையோரம் ஓடிய தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்தது. திரும்பிச் சென்று கதவைத் திறந்தபோது, எஞ்சினில் துரு ஏறியிருந்தது. மின்கம்பிக் கட்டு நீரில் ஊறிக் கிடந்தது. பையன் எழுதிய சீட்டுகளில் மை கரைந்து ஓர் எழுத்துக்கூடத் தெரியவில்லை.

வீட்டுச் சாமான்களுக்குக் காப்பீடு இருக்கிறதே என்று அவர் நஷ்ட ஈடு கேட்டார். கிடைக்கவில்லை. உடனே எங்களுக்கு டெலிபோன் செய்தார்.

“அத்தான், சொற்களுக்குப் பொருள் சொல்வதே உங்கள் தொழில். நீங்களே சொல்லுங்கள். வீட்டுக் காப்பீட்டுக்காரர்கள் இது வண்டி, வீட்டுச் சாமான் இல்லை என்கிறார்கள். வண்டியென்று பதிவு செய்யலாம் என்றால், முடியாத வண்டிக்குப் பதிவெண் தரமாட்டார்கள். அப்படியானால் என் கொட்டகையில் இருப்பது என்ன?”

பாலிசியை வரவழைத்து வரி வரியாகப் படித்தோம். ‘மோட்டார் வண்டிகளும் அவற்றின் உறுப்புகளும் நீங்கலாக’ என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. அந்நாட்டு வீட்டுக் காப்பீடுகளில் இவ்வாசகம் சாதாரணமாகக் காணப்படுவதே. உறுப்புகள் என்ற ஒரு சொல்லில் எட்டு மாத உழைப்பும் அகப்பட்டுவிட்டது. அதற்கு வேறு பொருள் சொல்ல எங்களால் இயலவில்லை. அதை அவரிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது.

இத்தகைய நிலைக்கென்றே அந்நாட்டில் தனிக் காப்பீடு ஒன்று இருக்கிறது. அதனைப் பூட்டும் காலக் காப்பீடு எனலாம். பதிவெண் இல்லாத வண்டியாதலால், அடிச்சட்டத்தில் பொறித்த எண்ணே அதற்கு அடையாளம். கொட்டகையில் இருக்கும்போது தீ, திருட்டு, தற்செயலான சேதம் ஆகியவற்றுக்கு ஈடு கிடைக்கும். கொட்டகைக்குப் பூட்டு இருக்க வேண்டும், உறுப்புகளை வேறிடத்தில் வைத்தால் தெரிவிக்க வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகள் இருக்கும். பொதுச் சாலையில் ஓட்டுவதற்கு இக்காப்பீடு போதாது. சாலைக்கு வருமுன் பிறருக்கு நேரும் தீங்கையும் ஏற்கும் காப்பீடு கட்டாயம் வேண்டும்.

பூட்டி முடித்த வண்டியை, 2009 முதல் நடைமுறையில் உள்ள தனிவண்டி ஒப்புதல் சோதனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். விளக்கு, பிரேக், இருக்கை வார், கூரிய விளிம்புகள் முதலிய யாவும் சோதிக்கப்படும். முன்கூட்டியே நாள் குறித்துக்கொண்டால், பதிவெண் இல்லாமலே அச்சோதனைக்கு ஓட்டிச் செல்லலாம். அந்த ஒரு பயணத்துக்கும் சாலைக் காப்பீடு இருந்தாக வேண்டும். தேறிய பிறகே பதிவெண்ணும் வழக்கமான பாலிசியும்.

இதில் நாம் கருத்தில் கொள்ள வேண்டியது மதிப்பு. முடிந்த வண்டியின் விலையைச் சந்தையில் கேட்டறியலாம். பூட்டப்படும் வண்டியின் மதிப்போ மாதந்தோறும் ஏறுகிறது. தொடக்கத்தில் சொன்ன தொகை எஞ்சின் வந்தபின் பொருந்தாது. ஆகவே ஒவ்வொரு ரசீதையும் காத்து, ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்து, மதிப்பு ஏறும்போது காப்பீட்டாருக்கு அறிவித்து வருதல் உடையவர் கடமை. ரசீதுகளும் படங்களும் கொட்டகையிலேயே இருந்தால் பயனில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? இன்னொன்றும் உண்டு. ஈடு பெரும்பாலும் உறுப்புகளின் விலைக்கே. உடையவரின் சொந்த உழைப்புக்கு ரசீது இல்லையே! பையன் எழுதிய சீட்டுகளுக்கு எந்தப் பாலிசியிலும் தொகை குறிக்க இயலாது.

நம் நாட்டில் இவ்வழக்கம் பரவவில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதையே பொதுவாகத் தடை செய்கிறது. ஆனால் பாதி முடிந்த பொருள் நம்மிடமும் இருக்கிறது. தொடக்கத்தில் சொன்ன வீடுதான் அது.

கட்டப்படும் வீட்டுக்கு, ‘காண்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க்’ என்ற பாலிசி நம் நாட்டிலும் உண்டு. தீ, புயல், வெள்ளம் முதலியவற்றால் நேரும் சேதத்துக்கு அது ஈடு தரும். உடையவர், கட்டித் தருபவர் இருவர் பெயரையும் அதில் சேர்க்கலாம். மாதந்தோறும் மதிப்பை ஏற்றிச் சொல்லும் வழக்கம் இங்கே இல்லை. கட்டி முடிந்தபின் என்ன மதிப்போ அதையே தொடக்கத்தில் குறிக்க வேண்டும். கட்டணத்தை மிச்சப்படுத்தக் குறைத்துச் சொன்னால், ஈடும் அவ்விகிதத்தில் குறையும். 40 லட்சம் ரூபாய் வீட்டை 20 லட்சம் என்று குறித்தவருக்கு 4 லட்சம் சேதமானால், 2 லட்சத்துக்கே கணக்குப் பார்ப்பார்கள். அதிலும் அவர் ஏற்க வேண்டிய பங்கு கழியும்.

வெளியூரில் இருக்கும் நமக்கு முக்கியமான நிபந்தனைகள் இன்னும் இரண்டு. பாலிசிக்குக் காலவரையறை உண்டு. வேலை நீண்டால், அது முடியுமுன்பே நீட்டிப்புக் கேட்க வேண்டும். கையில் பணமில்லாமல் வேலையை நிறுத்திவைத்த காலத்தில் நேரும் இழப்புக்குப் பொதுவாக ஈடு இல்லை. நம் வீடுகள் பலவும் இப்படி நின்று நின்று எழுபவை அல்லவா? வேலை நிற்கும்போது அதைக் காப்பீட்டாருக்குத் தெரிவித்து, என்ன செய்யலாம் என்று எழுத்து மூலம் கேட்டுக்கொள்வது நல்லது.

எங்கள் மைத்துனர் புதிய மின்கம்பிக் கட்டு வாங்கி மறுபடியும் தொடங்கியிருக்கிறார். இம்முறை அடிச்சட்டத்தின் எண்ணை எழுதிக் காப்பீட்டுப் பத்திரம் வாங்கிய பிறகே கொட்டகைக் கதவைத் திறந்தாராம். பையன் மறுபடியும் சீட்டுகள் எழுதிக் கட்டுகிறான், நீரில் அழியாத மையால்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, கொத்தனாரிடம் செங்கல் கணக்குக் கேட்பதோடு நில்லாமல், நம் வீட்டின் பெயரில் ஒரு பாலிசி இருக்கிறதா, அதில் குறித்த தொகை எவ்வளவு, அது எந்தத் தேதியோடு முடிகிறது என்பதையும் கேட்டு வருவோமாக.