மாடி இருக்கு, மண் எங்கே?

(மாணவர் வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்னிக்கு நான் ஒரு விளம்பரத் தாளோட வந்திருக்கேன். கவிதையும் கோட்பாடும் பேசுகிற இடத்தில் இது எதற்கு என்று நினைக்க வேண்டாம். இதையும் நாம் வாசித்தாக வேண்டும். நம்மைப் பற்றி ஒரு வரிகூட இதில் கிடையாது. அதனாலதான் கொண்டுவந்தேன்.

சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் ஓர் உயர்மாடிக் கட்டடம். அதில் ஒரு வீடு விற்பனைக்கு. 3,500 சதுர அடி, நான்கு படுக்கையறை, நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், இரண்டு கார் நிறுத்த இடம். விலை பத்துக் கோடிக்கு மேல். சமையலறைக்குப் பின்னால் பணியாளர் அறை. பணியாளருக்குத் தனி லிஃப்ட். அதையும் ஒரு வசதி என்றே அச்சடித்திருக்கிறார்கள்.

எங்கம்மா அந்தப் பக்கம் இப்படி ஒரு கட்டடத்துல பதினோரு வருஷம் வீட்டு வேலை பார்த்தாங்க. மழைநாள் ஒண்ணுல அவசரத்துல முன்பக்க லிஃப்ட்டுல ஏறிட்டாங்க. காவலாளி வந்து இறக்கி விட்டாரு. அவரும் நம்ம சேரிக்காரர்தான், அவர் வயித்துப்பாட்டை அவர் பார்க்கணும். "நாயைக் கூட்டிக்கிட்டு ஒரு பையன் அதே லிஃப்ட்டுலதான்டா போனான்"னு அம்மா வீட்டுக்கு வந்து சொன்னாங்க. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல. ஊர்ல தனிக்குவளையை எதிர்த்துப் போராடுகிறோம். நகரத்தில் அதற்குப் பொத்தானும் கதவும் வைத்துவிட்டார்கள். யாரும் சாதி பேரைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் நான் பேச வந்தது லிஃப்டைப் பற்றி மட்டுமல்ல. இந்தத் தாளில் சின்ன எழுத்தில் மூன்று எழுத்து போட்டிருக்கிறான்: யுடிஎஸ். பிரிக்கப்படாத நிலப் பங்கு என்று பொருள். இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

அடுக்குமாடியில் வீடு வாங்குகிறவன் வாங்குவது சுவரை மட்டுமில்லை. கட்டடம் நிற்கிற மனையில் தன் வீட்டு அளவுக்கு ஒரு பங்கும் அவன் பேரில் பத்திரமாகிறது. தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு கட்டட விதிகளின்படி, அகலமான சாலையில் உயர்மாடிக் கட்டடம் கட்டினால் மனையின் பரப்பைப் போல 3.25 மடங்கு தளப்பரப்பு எழுப்பலாம். கூடுதலாகப் பணம் கட்டினால் அதற்கு மேலும் அனுமதி உண்டு. அந்த 3.25ஆல் 3,500 சதுர அடியை வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 1,080 சதுர அடி மண். அரை கிரவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஐம்பது வருஷம் கழித்துக் கட்டடத்தை இடித்தாலும் அந்த மண் அவன் பேரன் பேத்திக்கு நிற்கும். பத்துக் கோடிக்கு அவன் வாங்குவது அதைத்தான்.

இப்ப நம்ம அடுக்குமாடிக்கு வாங்க. நமக்கும் மாடி கட்டிக் கொடுத்திருக்காங்களே! குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கியது. 2021இல் அதற்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பேர் மாற்றினார்கள். 2000இலிருந்து கண்ணகி நகர், 2004 சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கம் என்று கடலோரத்திலும் அடையாறு, கூவம் கரைகளிலும் இருந்த மக்களை அள்ளிக்கொண்டு போனார்கள். பெரும்பாக்கத்தில் தரைத்தளமும் ஏழு மாடியும். உயரத்துக்குக் குறைச்சல் இல்லை. கண்ணகி நகரில் தொடக்கத்தில் கட்டியவை 200 சதுர அடியை ஒட்டிய வீடுகள். இந்த விளம்பரத்தில் இருக்கிற இரண்டு கார் நிற்க 270 சதுர அடி வேண்டும். காருக்குக் கொடுக்கிற இடம்கூட நம்ம குடும்பத்துக்குக் கிடையாது. பெரும்பாலோர் கையில் இருப்பது ஒதுக்கீட்டு ஆணை. அதில் மண் பங்கு என்ற பேச்சே இல்லை.

வேலையோ மயிலாப்பூரில், மந்தைவெளியில். காலையில் ஏழு மணிக்கு அடுத்தவன் வீட்டுப் பாத்திரம் கழுவ, பெரும்பாக்கத்துப் பெண் ஐந்து மணிக்குப் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறாள். கட்டணம் இல்லாத பஸ்தான். போகிற வருகிற நேரத்தை யார் திருப்பித் தருவார்கள்? சேரியை ஊருக்கு வெளியே வைத்ததும் இதே கணக்குதான்: உழைப்பு உள்ளே வரணும், ஆள் வெளியே இருக்கணும்.

இந்த விளம்பரம் வந்த அதே ராஜா அண்ணாமலைபுரத்தில்தான் கோவிந்தசாமி நகர் இருக்கிறது. பக்கிங்காம் கால்வாய்க் கரை. 2022 மே மாதம் நீதிமன்ற உத்தரவின் பேரில் அங்கே வீடுகளை இடித்தபோது, ஒருவர் தீக்குளித்துச் செத்தார். அதன் பிறகுதான் மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதியிலேயே மாற்று வீடு தரப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பக்கத்திலேயே வீடு கேட்பதற்கு ஒரு உயிர் போக வேண்டியிருந்தது.

"படிச்சு வேலைக்குப் போயி நாமளும் கடன் வாங்கி வாங்கலாமே தோழர்"னு ஒரு தம்பி வரும்போதே கேட்டார். வாங்குங்க, வேண்டாம்னு சொல்லல. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடாவுக்கு வேலைக்குப் போன அம்பேத்கருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் பேரை மாற்றிச் சொல்லித் தங்கியவரைத் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். பழைய கதை என்கிறீர்களா? ஒரு வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் தன் சமூகத்தாரை மட்டும் உறுப்பினராக்கலாம் என்று உச்சநீதிமன்றமே 2005இல் தீர்ப்புச் சொன்னது. அதுவும் ஒரு பார்சி சங்கத்தின் வழக்குதான். நம்ம ஊரில் "சைவம் மட்டும்" என்கிற இரண்டு வார்த்தை அதே வேலையைச் செய்கிறது. நம்மில் ஒருவர் உள்ளே போய்விடலாம். ஒரு சேரி போக முடியாது.

நமக்கு மண் எப்பவும் இல்லாமல் இருந்ததா? இல்லை. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையின் தொடர்ச்சியாக 1892இல் நமக்கு நிலம் ஒதுக்க உத்தரவு வந்தது. அதுதான் பஞ்சமி நிலம். அது கை மாறியது. காரணையில் அதை மீட்கப் போராடியபோது, 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள். அதே செங்கல்பட்டுச் சீமையில் இன்றைக்கு எத்தனை கோபுரக் கட்டடங்கள் எழும்பி நிற்கின்றன, பாருங்கள்.

ஆகவே மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். சும்மா கோஷம் போட்டுக் கலைய வேண்டாம். உங்கள் ஊரில் புதுசாகக் கட்டடம் எழும்பினால் சர்வே எண்ணைக் கேளுங்கள். வில்லங்கச் சான்று போடுங்கள். கிராம 'அ' பதிவேட்டில் அந்த நிலம் என்னவென்று எழுதியிருக்கிறது, பாருங்கள். பஞ்சமி நிலமென்றால் கூட்டாக மனு கொடுப்போம். நகரத்தில் இருக்கிறவர்கள், குடியிருந்த இடத்திலேயே வீடு வேண்டும், அந்த மண்ணில் பங்கும் எங்கள் பேரில் பத்திரமாக வேண்டும் என்று கேளுங்கள். பத்துக் கோடிக்காரனுக்கு எழுதிக் கொடுக்கிற அந்த மூன்று எழுத்தை அந்தக் கட்டடத்தைக் கட்டியவளுக்கும் எழுதிக் கொடு என்கிறோம். இதில் சலுகை ஒன்றும் இல்லை.

எங்கம்மா இப்ப வேலைக்குப் போறதில்ல, முழங்கால் போயிடுச்சு. பெரும்பாக்கத்துல ஆறாவது மாடி. லிஃப்ட் ஓடாத நாள்ல கீழ இறங்குறதே இல்ல.

ஜெய்பீம்.