உருகுதலும் கரைதலும்
(கருங்குழியில் ஆற்றிய பொழிவு)



ஆங்கிலத்தில் 'மெல்ட்' என ஒரு சொல். 'டிசால்வ்' எனப் பிறிதொரு சொல். இவ்விரண்டையும் நம் மாணவர் மயங்கக் கொள்கின்றனர். மயக்கத்திற்குக் கரணியம் ஆங்கில வழக்கே. வாயிலிட்ட மிட்டாய் கரைவதையும் அம்மொழியார் 'மெல்ட்' என்றே சொல்லிவிடுவர். தமிழ் அடுக்களையில் இக்குழப்பம் இல்லை. வெண்ணெயை உருக்குவர், புளியைக் கரைப்பர். 'புளியை உருக்கு' என்று எந்தத் தாயும் மகளை ஏவியதில்லை. அச்சம் வந்தாலும் வயிற்றில் புளி கரையுமேயன்றி உருகாது!

வேறுபாடு யாது? உருகுதற்கு வெப்பம் வேண்டும். பொருள் ஒன்றே போதும். கரைதற்கோ இருபொருள் வேண்டும்: கரைவது ஒன்று, கரைப்பது ஒன்று. உப்பை நோக்குக. 100 கிராம் நீர் ஏறத்தாழ 36 கிராம் உப்பைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும்; அடுப்பே வேண்டா. அதே உப்பை நீரின்றி உருக்கப் புகின் 801 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். பனிக்கட்டியோ சுழியம் பாகையிலேயே உருகத் தொடங்கும். படாளத்து ஆலைச் சருக்கரையும் அவ்வாறே: நீரிலிட்டால் கரையும், வெறுஞ்சட்டியில் காய்ச்சினால் உருகிச் சிவந்து, பின் கருகும்.

மீட்சியிலும் தமிழ் வேறு வேறு சொல் வைத்துள்ளது. உருகிய நெய் ஆறினால் உறையும். கரைந்த உப்பு உறைவதில்லை, விளையும். ஒரு கிலோ கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு கரைந்துள்ளது. மரக்காணத்து உப்பளங்களில் அந்நீரைப் பாத்தி கட்டி நிறுத்துவர். கதிரவன் நீரைக் கொண்டுபோக, உப்பு எஞ்சும். அதனை 'விளைச்சல்' என்றே உழைப்போர் சொல்வர்.

உருகு என்னும் வினையினின்றே 'உருக்கு' என்னும் மாழைப்பெயர் பிறந்தது. கன்னடத்து 'உக்கு' அதன் உடன்பிறப்பு. 1795-இல் இலண்டன் அரசக் கழகத்தில் பியர்சன் என்பார் இந்திய உருக்கை ஆய்ந்து கட்டுரை படித்தபோது அதனை 'ஊட்சு' எனக் குறித்தார்; அச்சொல் 'உக்கு' என்பதன் திரிபென்பர்.

இத்துணைத் தெளிவிருந்தும், இன்று விளம்பரம் எழுதுவோர் 'வாயில் உருகும் இனிப்பு' என மொழிபெயர்க்கின்றனர். சாக்கொலேட்டுக்கு அது பொருந்தும். அதிலுள்ள கொழுப்பு நம் உடற்சூட்டிற்கும் குறைந்த சூட்டில் உருகுவது. கற்கண்டுக்கும் கமர்கட்டுக்கும் பொருந்தாது. அவை உமிழ்நீரில் கரைவன. கமர்கட்டைக் கன்னத்தில் அதக்கிய சிறுவனைக் கேளுங்கள். 'இன்னும் கரையவில்லை' என்பான்.