மலையேறும் தரவு: கருத்தரங்கத் தலைமை உரை



தொலைதூர அலுவலகங்களை இணைக்கும் விரிபரப்பு வலையமைப்பை வேகப்படுத்தும் கருவிகளைப் பற்றிப் பேச, சென்னையை விட்டுக் கள்ளக்குறிச்சியைத் தேர்ந்தெடுத்த அமைப்பாளர்களுக்கு முதலில் பாராட்டு. 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து பிறந்த இம்மாவட்டத்தில் சமவெளியின் உளுந்தூர்பேட்டையும் உண்டு, கல்வராயன் மலையின் சேராப்பட்டும் உண்டு. ஒரே மென்பொருள் இரண்டு இடத்திலும் ஒரேபோல் ஓடாது. ஏன் ஓடாது என்பதுதான் இந்த அரங்கின் கேள்வி.

வேகம் என்றதும் எம்பிபிஎஸ், அதாவது விநாடிக்கு எத்தனை மெகாபிட், என்ற கணக்கை மட்டும் கேட்பது நம் வழக்கமாகிவிட்டது. தாமதமும் சேர்ந்ததுதான் வேகம். எடுத்துக்காட்டாக, புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கி.மீ. உயரத்தில் நிற்கிறது. அதன் வழியாக ஒரு கேள்வி போய்ப் பதில் திரும்ப ஏறக்குறைய அரை விநாடி ஆகும். இணையத்தில் தரவைப் பொதிகளாக அனுப்பும் டிசிபி நெறிமுறையின் பழைய வடிவப்படி, ஒப்புகை வருவதற்கு முன் 65,535 பைட்டுக்கு மேல் அனுப்ப முடியாது. கணக்குப் போட்டால் ஓர் இணைப்புக்கு விநாடிக்கு ஒரு மெகாபிட் அளவுதான் கிடைக்கும். பத்து மெகாபிட்டுக்குப் பணம் கட்டியிருந்தாலும் அவ்வளவுதான். ஒப்புகைக்கு முன் அனுப்பக்கூடிய இந்த அளவுக்குச் சாளரம் என்று பெயர்; 1992இல் வந்த சாளர விரிவாக்கம் இந்தத் தடையை நீக்கியது. ஆனால் மென்பொருளின் வாயாடித்தனத்தை எந்த நெறிமுறையும் நீக்கவில்லை. விண்டோஸ் கோப்புப் பகிர்வில் ஓர் ஆவணத்தைத் திறக்கவே நூற்றுக்கணக்கான முறை கேள்வியும் பதிலும் போய்வந்தன. உப்புக்கு ஒரு முறை, புளிக்கு ஒரு முறை என்று கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிச் சந்தைக்கு இறங்கி ஏறுவதைப் போன்றது அது. சாலையை அகலப்படுத்தினால் மட்டும் அந்த அலைச்சல் தீராது.

முடுக்கிப் பெட்டிகள் இந்த இடத்தில்தான் நுழைந்தன. 2002இல் தொடங்கிய ரிவர்பெட் நிறுவனம் 2004இல் ஸ்டீல்ஹெட் பெட்டியைக் கொண்டுவந்தது. தலைமையகத்தில் ஒன்று, கிளையில் ஒன்று. முன்பு கடந்துபோன பைட்டுத் துண்டுகளை இரண்டும் வட்டில் வைத்திருக்கும். அதே துண்டு மறுபடி வந்தால் முழுத் தரவும் போகாது, ஒரு சிறு குறிப்பு மட்டும் போகும். கோப்புப் பகிர்வின் கேள்விகளுக்குக் கிளைப் பெட்டி முன்கூட்டியே பதில் வைத்திருக்கும். ஒரே படிவத்தை ஆயிரம் முறை அனுப்பும் அலுவலகத்துக்கு இது பெரும் சிக்கனம்.

பெட்டியின் பொற்காலம் நீடிக்கவில்லை. தரவெல்லாம் மறையாக்கத்துக்குள் போனபின், ஒன்றுபோல் இருந்த துண்டுகளும் வெவ்வேறாகத் தெரிந்தன. பெட்டி வேலை செய்ய வேண்டுமானால் மறையாக்கச் சாவியை அதன் கையில் கொடுக்க வேண்டும். ஆதார் விவரங்கள் ஓடும் இணைப்பில் அதற்கு நான் ஒருபோதும் உடன்பட மாட்டேன். அலுவலகங்களும் மேகக்கணினிக்கு மாற, 2021இல் ரிவர்பெட் திவால் சட்டப் பாதுகாப்பை நாடியது.

இந்த மாவட்டத்துக்கு அந்தப் பெட்டி பொருத்தமான மருந்தா என்பதிலேயே எனக்கு ஐயமுண்டு. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு இரண்டு லட்சம் கி.மீ. ஓடும். சென்னை 250 கி.மீ. என்று வைத்துக்கொண்டாலும் போய்வர இரண்டரை மில்லிவிநாடிதான். ஆக, தூரம் இங்கே நோயல்ல. மலைமுகட்டில் மறையும் சிக்னலும் நெரிசலான கோபுரமும் தரவுப் பொதிகளைத் தொலைப்பதே நோய். பொதி இழப்பு நூறு மடங்கு கூடினால் வழக்கமான டிசிபியின் வேகம் பத்தில் ஒன்றாகும் என்பது 1997 முதல் நாம் அறிந்த சூத்திரம்.

இழப்புக்கு மருந்து கண்ட ஊர் நம் தேனி. அரவிந்த் கண் மருத்துவமனை கிராமப் பார்வை மையங்களைத் தேனி மருத்துவர்களோடு நெடுந்தூர வைஃபையால் இணைத்தது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடன் நின்றார்கள். ஒவ்வொரு பொதிக்கும் ஒப்புகைக்காகக் காத்து நிற்பது வைஃபையின் இயல்பு. அதை மாற்றி, இரு முனைக்கும் நேரத்தைப் பங்கிட்டு, பல பொதிகளுக்கு ஒரே ஒப்புகை என்றார்கள். தொலைந்ததை மீட்கக் கொஞ்சம் உபரித் தரவும் சேர்த்தார்கள். 2007இல் வெளியான அவர்கள் கட்டுரை, வேகம் இரண்டு முதல் ஐந்து மடங்கு கூடியதைக் காட்டியது. விலையுயர்ந்த பெட்டி எதுவும் இல்லை, மலிவான வன்பொருளும் நல்ல மென்பொருளும்தான்.

இன்று தமிழ்நாடு அரசின் டான்ஃபிநெட் நிறுவனம் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுசெல்லும் பணியில் இருக்கிறது. நல்லது, வரட்டும். அது வந்தாலும் கடைசிக் காதம் கைப்பேசியின் கையில்தான். ஓர் எடுத்துக்காட்டு: 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலைத் திட்டத் தளங்களில் செயலி வழி வருகைப் பதிவு கட்டாயமானது. நாளுக்கு இருமுறை நிழற்படம். சிக்னல் இல்லாத இடத்தில் எடுத்து வைத்து, கிடைத்த இடத்தில் ஏற்றும் வசதி அதில் இருந்தது. அந்த ஒரு வசதி பத்து முடுக்கிப் பெட்டிகளுக்குச் சமம். நியாயவிலைக் கடைக் கருவியிலும் இ-சேவை மையத்திலும் இத்தகைய ஏற்பாடு எவ்வளவு இருக்கிறது என்று இங்கே யாராவது சோதித்துச் சொல்ல வேண்டும்.

கட்டுரை படிக்கவிருக்கும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். சென்னை ஆய்வகத்தில் எடுத்த எம்பிபிஎஸ் கணக்கோடு நிறுத்தாதீர்கள். வெள்ளிமலையிலும் கரியாலூரிலும் போய்வரும் நேரம் எவ்வளவு, பொதி இழப்பு எத்தனை விழுக்காடு, மழைநாளில் அது எப்படி மாறுகிறது என்பதை அளந்து, அந்த அட்டவணையை அடுத்த கருத்தரங்குக்குக் கொண்டுவாருங்கள். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.