சாரதியின் அனுமதிப்பத்திரம்

(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் ஏ9 வீதியிற் செல்லும் சாரதியைக் காண்பது அருமை. அத்துணை பக்தியுடையவர்கள் தம் சட்டைப்பையிலுள்ள அனுமதிப்பத்திரத்தைப் பற்றி அதிகம் சிந்திப்பதில்லை. அதனாலேயே இவ்விடயத்தை எடுத்துக்கொண்டேன்.

பொலிசார் வீதியிற் பத்திரத்தை வாங்கிக்கொண்டு துண்டொன்றைக் கொடுப்பது இடைநிறுத்தமன்று. அது சிறு குற்றத்திற்குரிய தண்டப்பணத்திற்கு ஈடு. 14 நாட்களுள் தபாற்கந்தோரிற் பணத்தைக் கட்டி மீட்டுக்கொள்ளலாம். குடிபோதையில் ஓட்டியவன், கண்மூடித்தனமாக ஓட்டியவன், கவலையீனத்தால் ஓர் உயிரைப் போக்கியவன் ஆகியோரின் வழக்கு நீதவானிடம் போகும். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டப்படி அவர் பத்திரத்தை மாதக்கணக்கில் இடைநிறுத்தலாம். இரத்துச் செய்யவுங் கூடும். இரத்தத்தில் 100 மில்லிலீற்றருக்கு 80 மில்லிகிராம் மதுசாரமே எல்லை. "நான் தள்ளாடவில்லையே" என்ற நியாயம் அங்கே எடுபடாது.

எனது சிறிய தந்தையார் நெல் ஏற்றும் லொறியின் சாரதி. கலியாண வீடொன்றிலிருந்து திரும்புகையிற் பிடிபட்டார். தண்டப்பணம் 25,000 ரூபா. சின்னம்மாவின் சங்கிலியை அடைவு வைத்துக் கட்டினோம். பணம் போனது பெரிதன்று; பத்திரமின்றி அவர் வீட்டிலிருந்த மாதங்களே பெரிது. அறுவடைக்காலம் வந்தது. முதலாளி வேறொருவரை அமர்த்திக்கொண்டார். "உள்வீதியால் ஓடு, யார் பார்க்கப்போகிறார்?" என்றனர் அயலார். அவர் ஓடவில்லை. இடைநிறுத்திய காலத்தில் ஓட்டுவது தனிக் குற்றம் என்பதை அறிந்திருந்தார்.

அக்காலத்தில் எனக்கு நீதவான்மீதே கோபம். உழைப்பவனின் கையைக் கட்டுவதா என்று எண்ணினேன். பின்னர் ஒரு மாலை, மாங்குளத்திற்கு அப்பால், பின்விளக்கில்லாத உழவு இயந்திரத்தையும், வீதியிற் படுத்திருந்த மாடுகளையும், ரியூசன் முடிந்து சைக்கிளில் வந்த பிள்ளைகளையும் பஸ் யன்னலாற் கண்டேன். 2009இல் மீளத் திறக்கப்பட்டுப் பின்னர் செப்பனிடப்பட்ட அவ்வீதியில் வாகனங்கள் பறக்கின்றன. அன்றிரவு சிறிய தந்தையார் அவர்களை நோக்கியே லொறியைச் செலுத்தியிருப்பார் என்ற எண்ணம் வந்தபோது என் கோபம் நிற்கவில்லை. அவரிடம் இதைச் சொன்னேன். "எனக்கும் அதுதான் தம்பி நித்திரையில்லை" என்றார்.

இக்கூட்டத்திற்கு மோட்டார் சைக்கிளில் வந்த தம்பிமார் சிலரிடம் இடைநிறுத்துவதற்குப் பத்திரமே இல்லையென அறிவேன்! 18 வயது நிறைந்தவர்கள் மருத்துவச் சான்றிதழ் பெற்று விண்ணப்பிக்கலாம். படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள், பேனா கொண்டுவந்திருக்கிறேன்.