ஈர விறகும் எரியும் நெருப்பும்

தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கிவிட்டால் லிந்துலை மலைச்சாரல்களில் நாட்கணக்கில் கதிரவனைக் காண்பது அரிது. உடுத்த துணி உலராது. அடுப்பில் வைத்த விறகு புகையுமேயன்றி எரியாது. கொழுந்து பறிக்கச் செல்லும் தாயோ பெரட்டுக்கு முன்னர் தேநீரும் ரொட்டியும் ஆக்கியாக வேண்டும். லயக் காம்பராவில் புகை சூழ்கின்றது, கைக்குழந்தை இருமுகின்றது. அவ்வேளையில் அவள் கை மண்ணெண்ணெய்ப் போத்தலை நாடுகின்றது. விபத்துத் தொடங்கும் இடம் அதுவே.

ஓடைக்கரையில் தீப்பாசறை அமைக்கும் சாரண மாணவர்க்கும் இதே இடர்ப்பாடு உண்டு. சாரணர் இயக்கம் 1912ஆம் ஆண்டில் இலங்கையில் கால்கொண்டது. மழையிலும் தீ மூட்டுதல் சாரணர் பயிலும் கலைகளுள் ஒன்று. அக்கலை அடுப்படிக்கும் உதவுவதாகும்.

ஈர விறகு எரிய மறுப்பது ஏன்? விறகிலுள்ள நீர் ஆவியாகி நீங்கும்வரை மரம் தீப்பற்றும் அளவுக்குச் சூடேறாது. குளிர்ந்த நீரைக் கொதிக்க வைக்கும் வெப்பத்தைப்போல் ஐந்து மடங்குக்கும் மேலான வெப்பம், கொதித்த நீரை ஆவியாக்குவதற்கு வேண்டும். ஒரு தீக்குச்சி அத்துணை வெப்பத்தைத் தரவல்லதன்று.

ஆயின், பச்சை மரத்தின் ஈரம் வேறு. மழையில் நனைந்த காய்ந்த மரத்தின் ஈரம் வேறு. முன்னதில் நீர் உள்ளெங்கும் பரவியிருக்கும். பின்னதில் பெரும்பாலும் மேற்புறமே நனைந்திருக்கும். ஆதலின் காய்ந்த கட்டையைப் பிளந்து, உட்புற மரத்தைக் கத்தியால் மெல்லிய சுருள்களாகச் சீவுதல் வேண்டும். அச்சுருளே முதல் இரை. யூகலிப்டஸ் மரத்தின் உலர்ந்த பட்டையும் எண்ணெய்ப் பசையுடைய சருகும் எளிதிற் பற்றும்.

ஈரத் தரையில் நேரே தீ மூட்டலாகாது. இரண்டு மூன்று கட்டைகளை அடுக்கி, அவற்றின்மேல் சுருள்களை வைத்து, அடியில் ஒரு மெழுகுவர்த்தித் துண்டை ஏற்றினால், தீக்குச்சி நொடியில் அணைவதற்கு மாறாக அதன் சுடர் பல நிமிடம் நின்று சூடூட்டும். பிறகு கவ்வாத்து செய்த தேயிலை மிலாறு, அதன்பின் விரற்பருமன் குச்சி, இறுதியிலேயே பெருங்கட்டை. இடையே காற்றுப் புகுமாறு குறுக்கும் நெடுக்குமாக அடுக்குதல் இன்றியமையாதது.

தணலின்மேல் மண்ணெண்ணெய் ஊற்றுவது பெருந்தீங்கு. சூட்டில் அது ஆவியாகி, திடீரெனப் பற்றிப் போத்தலை நோக்கியே பாயும். அதுவும் தான் எரிந்து தீர்ந்தபின் விறகை ஈரமாகவே விட்டுச்செல்லும்.

2022ஆம் ஆண்டில் எரிவாயு கிட்டாது நகரத்தார் விறகைத் தேடியலைந்தபோது, தோட்டத்துத் தாய்மார் நாள்தோறும் படும் பாடு பலருக்கு விளங்கிற்று. அத்தாய்மாருள் அனுபவம் மிக்கோர் அடுத்த நாளுக்கான விறகை முதல்நாள் மாலையே அடுப்புக்கு மேலுள்ள பரணில் அடுக்கி வைப்பர். அடுப்புச் சூடு இரவெல்லாம் அதனை உலர்த்தும்.

பாசறையில் தீ மூட்டக் கற்ற மாணவன், மாலையில் நான்கு கட்டைகளைப் பிளந்து பரணில் ஏற்றிவைப்பானாயின், விடியலில் அவன் தாய்க்குப் புகையும் குறையும். மண்ணெண்ணெய்ப் போத்தலும் தேவைப்படாது. கற்ற கல்வி வீடு வந்து சேர்வது அப்பொழுதுதான்.