ஓங்கிய கையைத் தடுப்பது எது?

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



"மேஸ்திரி கோபக்காரர், ஏதோ கை நீட்டிவிட்டார், பெரிதுபடுத்தாதே" என்று ஆலையிலும் வயலிலும் சமாதானம் சொல்கிறார்கள். அந்தக் கோபம் முதலாளியிடம் ஏன் வருவதில்லை? கூலிக்காரனிடமும், அதிலும் பெண்களிடமும் மட்டும் ஏன் வருகிறது? தட்டிக் கேட்க ஆளில்லை என்ற துணிச்சல்தான்! இது வெறும் குணக்கேடல்ல. பயமுறுத்தி வேலை வாங்கும் முறை.

பழைய தஞ்சை ஜில்லாவில் பண்ணையாளுக்குச் சவுக்கடி விழுந்தது. வாயில் சாணிப்பால் ஊற்றப்பட்டது. 1940-களில் தோழர் பி. சீனிவாசராவ் முதலானோர் ஊர் ஊராகச் சங்கம் கட்டினார்கள். அதன் பிறகுதான் சவுக்கு கீழே விழுந்தது. மிராசுதாரின் மனம் இளகியா? இல்லை! ஒருவனை அடித்தால் ஊரே எழும் என்று தெரிந்துகொண்டதால்!

ஆலைக்கு வருவோம். 2021 ஜனவரியில் திண்டுக்கல் வட்டாரத்தில் ஆயத்த ஆடை ஆலையொன்றின் இளம் தலித் பெண் தொழிலாளி கொலையுண்டார். ஆலை சூபர்வைசர் கைதானார். சங்கம் விடாமல் போராடியது. 2022-ல் நிர்வாகம் சங்கத்துடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. தொழிலாளரிலிருந்தே கண்காணிப்பாளர்களைச் சங்கம் பொறுக்கியெடுத்தது. வசவு, சீண்டல் என்று முளைக்கும்போதே அவர்கள் தலையிட்டார்கள். கொலையில் முடிவது கெட்ட வார்த்தையில் தொடங்குகிறது, தோழர்களே!

சட்டமும் இருக்கிறது. 2013-ம் வருஷச் சட்டப்படி, 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லையை விசாரிக்கக் கமிட்டி வேண்டும். தலைவர் பெண்ணாக இருக்கவேண்டும், உறுப்பினரில் பாதிப்பேராவது பெண்கள், வெளியார் ஒருவர். கமிட்டி அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். ஆள் குறைவான வயல்வேலையா? குற்றவாளி முதலாளியேவா? ஜில்லாக் கமிட்டியிடம் போகலாம். 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள். 90 நாளில் விசாரணை முடியவேண்டும்.

அடிபட்டவர் உடனே சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். "விழுந்துவிட்டேன்" என்று சொல்லாதீர்கள். அடித்தவன் பெயரைச் சொல்லிப் பதிய வையுங்கள். போலீஸில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். தேதி, நேரம், பார்த்தவர் பெயர் எல்லாம் நோட்டில் ஏறட்டும். பதிலுக்குக் கை ஓங்காதீர்கள். வேலைநீக்கத்துக்கு அதுவே சாக்காகும்.

ஆனால் காகிதம் மட்டும் காப்பாற்றாது. பக்கத்து மெஷினில் நின்றவர், பக்கத்து வரப்பில் நின்றவர் "நான் பார்க்கவில்லை" என்றால் புகார் அங்கேயே செத்தது! "நான் பார்த்தேன்" என்று பத்துப் பேர் சொன்னால் எந்த நிர்வாகம் மூடி மறைக்கும்?

நாளை ஷிப்டுக்குப் போனதும் நோட்டீஸ் போர்டைப் பாருங்கள். கமிட்டி உறுப்பினர் பெயர்கள் ஒட்டியிருக்கிறதா? இல்லையென்றால் ஒருவராகப் போய்க் கேட்காதீர்கள். சேர்ந்து போய்க் கேளுங்கள்!